மோரில் விழுந்த நகம்!

சித்ரா பௌர்ணமி. ராத்திரி ஒன்பதரை மணி. அடி அண்ணாமலையில் எங்கள் தெருமுனை நீர்மோர்ப் பந்தல்.

கிரிவலம் வந்தவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் சுற்றில், வருணலிங்கத்தைத் தாண்டி எங்கள் ஊர் வரும்போதுதான் கால் இரண்டும் 'நீ முன்னாடி போ, நாங்க மெதுவா வர்றோம்' என்று சொல்ல ஆரம்பிக்கும். அந்த இடத்தில் ஒரு டம்ளர் நீர்மோர் கிடைத்தால் அண்ணாமலையாரே நேரில் வந்து கொடுத்த மாதிரி இருக்கும். அதனால் எங்கள் பந்தலில் எப்போதும் கூட்டம். அப்பா கறிவேப்பிலை இன்சார்ஜ். நான் அண்டா தூக்கும் டிபார்ட்மென்ட். தங்கச்சிதான் ஊற்றிக் கொடுப்பாள்.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், மோரை அண்ணாந்து குடித்தவர், திடீரென்று நிறுத்தினார். வாயில் எதையோ மென்று பார்த்தார்.

"ஏன் சார், மாங்காய் இவ்ளோ கெட்டியா இருக்கு?"

"கிளிமூக்கு மாங்காய் ஸார், அப்படித்தான் இருக்கும்" என்றேன் பெருமையாக.

அவர் வாயிலிருந்து எடுத்து டியூப் லைட்டில் காட்டினார். ரோஸ் கலர். முனையில் பளபளவென்று ஒரு வெள்ளைக் கல். கல் வைத்த மாங்காயை நான் அதுவரை பார்த்ததில்லை.

தங்கச்சி சட்டென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பெரியவர் நல்ல மனுஷர். சிரித்துவிட்டு, "பல்லு போகலை, அது போதும்" என்று வாயைக் கொப்பளித்துவிட்டு நடையைக் கட்டினார். நாங்கள் நாற்பது லிட்டர் மோரைச் சாக்கடையில் கொட்டினோம்.

சிரிப்பு அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து, "கையைக் காட்டு பாப்பா" என்றேன். நகம் விழுந்த மோதிர விரலில், அவளுடைய சொந்த நகம் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருந்தது. அதன் நடுவில் பச்சையாக ஒரு திட்டு.

"என்னடா இது, கிணத்துப் பாசி மாதிரி?" என்றார் அப்பா.

எல்-1 அண்ணன்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். பங்குனி மாதம் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் கிண்டிப் பக்கம் வேலை. நல்ல பையன். "மோதிரம் மாத்துற போட்டோவில் கைதான் க்ளோஸப்பில் வரும். நெயில் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கோயேன்" என்று போனில் ஆசையாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி என்னிடம் வந்தாள். நானோ ஆபீஸில் பர்சேஸ் செக்‌ஷன். நாற்காலியோ, பேப்பர் ரீமோ, மூன்று கொட்டேஷன் வாங்கி, எது குறைச்சலோ அதற்கு டிக் போடுவது என் தொழில். டெண்டர் பாஷையில் அதற்கு 'எல்-1' என்று பெயர். அன்றைக்கும் அதையேதான் செய்தேன். திருவண்ணாமலை டவுனில் ஒரு பார்லரில் 1,800 ரூபாய் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் 600. நான் பேரம் பேசி 550க்கு முடித்தேன். ஆட்டோவில் திரும்பும்போது, "பார்த்தியா, 1,250 ரூபாய் மிச்சம்" என்று தங்கச்சியிடம் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். தங்கச்சி நர்சிங் முடித்தவள். சித்ரா பௌர்ணமிக்கு அடுத்த திங்கட்கிழமை ஓர் ஆஸ்பத்திரியில் டியூட்டி ஜாயின் பண்ண வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே இருந்தது.

அதனால் அன்று ராத்திரியே, நாங்கள் எல்லோரும் படுத்த பிறகு, தங்கச்சி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து ஹேர்பின்னால் நெம்ப ஆரம்பித்துவிட்டாள். அம்மா பார்த்து அலறினாள். அதற்குள் இரண்டு விரல் முடிந்திருந்தது. ஒட்டிய நகம் வந்தது வாஸ்தவம். கூடவே சொந்த நகத்தின் மேல்பட்டையும் வந்துவிட்டது. ரத்தம் லேசாகக் கசிந்தது. பாக்கி ஏழு விரலை நீட்டியபடி அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அபிமன்யு செய்த தப்பு

மறுநாள் காலை, அந்த 1,800 ரூபாய் பார்லர் அக்காவிடமே போய் நின்றேன். கொட்டேஷனை நிராகரித்த கம்பெனியிடமே ரிப்பேருக்குப் போவது எவ்வளவு கேவலம் என்று ஆபீஸ்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அக்கா விரல்களைப் பார்த்தார். திட்டவில்லை. "தம்பி, நான் 1,800 சொன்னேனே, அதுல கழட்டுறதும் சேர்த்துதான். அவங்க சொன்ன 600ல அது இருந்துதா?" என்றார்.

நான் கேட்கவே இல்லை. என் கொட்டேஷனில் அந்தக் காலமே கிடையாது.

சக்கரவியூகத்துக்குள் போகத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியாதில்லையா, அந்தக் கதைதான். செயற்கை நகத்தில் நடக்கிற சேதத்தில் பெரும்பகுதி ஒட்டும்போது நடப்பதில்லை. ஒன்று, ஒட்டுவதற்கு முன்னால் சொந்த நகத்தை அரத்தால் சுரண்டித் தள்ளும்போது. இரண்டு, கழட்டும்போது நெம்பி எடுக்கிற அவசரத்தில்.

அக்கா பஞ்சை அசிட்டோனில் நனைத்து, ஒவ்வொரு விரலிலும் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றினார். "இருபது நிமிஷம், மிஞ்சிப் போனா அரை மணி. சாதாரணமா இதுல ஊறிக் குழைஞ்சுடும்" என்றார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. பிரித்துப் பார்த்தால், நகம் கல்லுக்குண்டு மாதிரி அப்படியே இருக்கிறது!

அக்காவின் முகம் மாறியது. "போடும்போது வாசனை எப்படிம்மா இருந்துச்சு?"

"தலை சுத்துற மாதிரி இருந்துச்சுக்கா. மூக்கைப் பொத்திக்கிட்டேன்."

"அப்போ எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு" என்றவர், ஒரு மூன்றெழுத்து சொன்னார். எம்.எம்.ஏ.

பல் டாக்டர் பெற்ற பிள்ளை

மெதில் மெத்தாக்ரிலேட் என்பது அதன் முழுப்பெயர். நமக்கு அந்நியமான ஆசாமி இல்லை. தாத்தா டம்ளரில் போட்டு வைக்கிற பல்செட் இருக்கிறதே, அதன் ரோஸ் கலர் ஈறு, பொடியும் இந்தத் திரவமும் கலந்து செய்ததுதான். மூட்டு மாற்று ஆபரேஷனில் எலும்போடு செயற்கை மூட்டை ஒட்டும் சிமென்ட்டும் இதே குடும்பம்.

அக்ரிலிக் நகம் பிறந்த கதையே பல் ஆஸ்பத்திரியில்தான். 1954ல் அமெரிக்காவில் பிரெட் ஸ்லாக் என்ற பல் டாக்டருக்கு வேலை செய்யும்போது நகம் உடைந்ததாம். பக்கத்திலிருந்த பல் அக்ரிலிக்கை எடுத்து அதற்கு ஒட்டுப் போட்டார் என்று சொல்வார்கள். அந்த ஒட்டுதான் இன்றைக்கு உலகம் பூராவும் ஒரு தொழிலாக வளர்ந்து, அடி அண்ணாமலை மோர் அண்டா வரைக்கும் வந்து விழுந்திருக்கிறது!

பல்செட்டுக்கு ஆகும் என்றால் நகத்துக்கு ஏன் ஆகாது? நியாயமான கேள்வி. பல்செட் நம் வாய்க்கு வருவதற்கு முன்பே இறுகி முடிந்துவிடுகிறது. இறுகிய பிளாஸ்டிக் சாது. இறுகாத திரவம்தான் வம்பு. நகத்தில் அதைத் தோலுக்குப் பக்கத்திலேயே வைத்து இறுக வைக்கிறார்கள். தோலில் பட்டால் அலர்ஜி. ஆவியை மூச்சில் இழுத்தால் மூக்கு, தொண்டை எரிச்சல். தவிர, எம்.எம்.ஏ. நகம் அசுரப் பலம். எங்கேயாவது இடித்தால் அது உடையாது. அடியிலிருக்கிற சொந்த நகம்தான் பிய்ந்துகொண்டு வரும்.

1970களிலேயே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., காயங்கள் பற்றிய புகார்களைத் தொடர்ந்து, முழுக்க எம்.எம்.ஏ. திரவத்தில் செய்த நகச் சாமான்கள் மீது கோர்ட் வரை போய் நடவடிக்கை எடுத்தது. அங்கே பல மாநிலங்களில் சலூன்களில் அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. அதற்குப் பதிலாக வந்தது ஈ.எம்.ஏ. எனப்படும் எத்தில் மெத்தாக்ரிலேட். அதுவும் அலர்ஜி கொடுக்கக் கூடியதுதான். ஆனால் வளைந்து கொடுக்கும், அசிட்டோனில் ஊறும். விலைதான் கூட. எல்-1காரன் எதை எடுப்பான் என்று சொல்ல வேண்டுமா?

தங்கச்சி விரலில் இருந்தது எம்.எம்.ஏ.தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். லேபரட்டரிக்கு அனுப்பவில்லை. நெடி, பாறை மாதிரி கெட்டி, அசிட்டோனில் கரையாமை, அடிமாட்டு விலை என்று நாலு அடையாளமும் பொருந்தின, அவ்வளவுதான். அக்கா பொறுமையாக இரண்டு மணி நேரம் ராவி ராவி, சொந்த நகத்துக்கு ஒரு காகித கனம் மேலே நிறுத்தினார். "மீதி வளரும்போது தானா வெளியே வரும். நோண்டாதே" என்றார்.

பில் 700 ரூபாய். ஒட்ட 550, கழட்ட 700!

நாலு ரகம், நாலு குணம்

அந்த இரண்டு மணி நேரத்தில் அக்கா எனக்கு ஒரு டியூஷனே எடுத்துவிட்டார். என் மாதிரி ஆட்களுக்காக அதைச் சுருக்கித் தருகிறேன்.

1. *ஒட்டு நகம்:* ஃபேன்ஸி ஸ்டோரில் அட்டையில் வரிசையாக இருக்குமே, அது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஸ்டிக்கரால் ஒட்டினால், நாலு தரத்தில் அதுதான் சாது. ஒரு நாள் விசேஷத்துக்குப் போதும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் வந்துவிடும். பசையால் ஒட்டினால் கதை வேறு. அந்தப் பசை சயனோ அக்ரிலேட், ஃபெவிக்விக் வகையறா. தப்பித்தவறி அது பருத்தித் துணியிலோ பஞ்சிலோ கொட்டினால் சட்டென்று சூடாகித் தோலைச் சுட்டுவிடும். கொட்டிய பசையைப் பாவாடையால் துடைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

2. *அக்ரிலிக்:* பொடியும் திரவமும் பிரஷ்ஷில் குழைத்துப் பூசுவது. காற்றிலேயே இறுகும். உறுதி அதிகம், நெடியும் அதிகம். ஏ.சி.க்காகக் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்த அறையில் இதைப் போட்டால், போட்டுக்கொள்பவர் ஒரு மணி நேரம் முகர்கிறார். போட்டுவிடும் பெண் நாள் முழுக்க முகர்கிறாள். துணி மாஸ்க் தூளைக் கொஞ்சம் தடுக்கும். ஆவியைத் தடுக்காது.

3. *ஜெல்:* நெடி குறைவு, பளபளப்பு அதிகம். சின்ன விளக்குப் பெட்டிக்குள் கையை விட்டால் இறுகும். இதிலிருக்கிற ஒரு முக்கியமான சரக்குக்கு 'ஹெமா' என்று பெயர். ஹேமமாலினியை நினைத்துக்கொண்டு ஏமாந்துவிடாதீர்கள். செயற்கை நக அலர்ஜியில் அடிக்கடி மாட்டுகிற ஆசாமி இதுதான். ஐரோப்பிய யூனியனில் 2021லிருந்து ஹெமா கலந்த நகச் சாமான்களில் 'தொழில் தெரிந்தவர்கள் மட்டும் பயன்படுத்த' என்று அச்சடிக்க வேண்டும். ஜெல்லை இறுக வைக்க உதவும் டி.பி.ஓ. என்ற இன்னொன்றை, 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். பிராணிகளில் செய்த சோதனையில் இனப்பெருக்க சக்தியைப் பாதித்ததுதான் காரணம். மனிதர்களுக்கு அப்படி ஆனதாக நிரூபணம் இல்லை, முன்ஜாக்கிரதை.

4. *டிப் பவுடர்:* பசை தடவிய விரலைக் கலர்ப்பொடி டப்பாவில் முக்குவது. விளக்கு வேண்டாம். ஆனால் ஊரார் விரலெல்லாம் ஒரே டப்பாவிலா? பொடியைக் கரண்டியால் எடுத்து விரல்மேல் தூவச் சொல்லுங்கள்.

விளக்குப் பெட்டி பற்றி இன்னொரு விஷயம். 'எல்.இ.டி.தான், யு.வி. இல்லை' என்று சில இடங்களில் சொல்வார்கள். இரண்டுமே யு.வி. கதிரைத்தான் வீசுகின்றன. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் சான்டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களை இந்த விளக்கடியில் 20 நிமிஷம் வைத்ததில் 20லிருந்து 30 சதவீதம் செத்துப்போயின. மிச்சமிருந்தவற்றில் டி.என்.ஏ. சேதம். உடனே பயந்துவிட வேண்டாம். தட்டில் இருக்கும் செல் வேறு, தோலோடு இருக்கும் விரல் வேறு. இதனால் மனிதர்களுக்குக் கேன்சர் வந்தது என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. கைக்குச் சன்ஸ்க்ரீன் தடவிக்கொள்ளுங்கள், அல்லது விரல்நுனி மட்டும் வெளியே தெரிகிற கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள் தோல் டாக்டர்கள்.

இதைவிட முக்கியம், அந்தந்த ஜெல்லுக்கு அந்தந்த விளக்கு. பொருத்தமில்லாத விளக்கில் காட்டினால் மேலே இறுகி உள்ளே அரைவேக்காடாக நிற்கும். அந்த அரைவேக்காட்டுச் சரக்குதான் தோலில் இறங்கி அலர்ஜிக்கு அஸ்திவாரம் போடுகிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த அக்காவின் விரல் நுனிகளை அப்போதுதான் கவனித்தேன். வெடிப்பு வெடிப்பாக, கோடை ஏரி மாதிரி இருந்தன.

"எட்டு வருஷமா ஊருக்கெல்லாம் போட்டுவிடுறேன் தம்பி. எனக்கு ஒரு நகம் ஒட்டிக்க முடியாது. தொட்டாலே ஊறும். கையுறை போட்டும் பார்த்துட்டேன். மெல்லிசு உறையில ஊடுருவி வந்துடுது" என்றார் சாதாரணமாக, கரண்ட் போச்சு என்று சொல்கிற மாதிரி.

பச்சைக்கு அர்த்தம்

அந்தப் பச்சைத் திட்டைக் காட்ட தோல் டாக்டரிடம் போனோம். "அப்பா சொன்ன மாதிரி பாசி இல்லை. பூஞ்சையும் இல்லை. சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா" என்றார். ஒட்டிய நகம் ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு, அந்தச் சந்தில் தண்ணீர் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம். பச்சை நிறம் அது தயாரிக்கிற சாயம். நகத்தை உலர்வாக வைத்து, மருந்து போட்டால் போய்விடும். கறை மட்டும் வளர்ந்து வெளியேறும்வரை இருக்கும். 'பச்சையை மறைக்க மேலே இன்னொரு நகம்' என்ற யோசனை மட்டும் கூடாது.

"இவங்க நர்ஸா?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் ஒரு சம்பவம் சொன்னார். அமெரிக்காவில் ஒக்லஹோமா சிட்டி. 1997, 98ல் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இதே சூடோமோனாஸ் பரவியது. 46 குழந்தைகளுக்குத் தொற்று. 16 குழந்தைகள் இறந்துபோயின. விசாரணையில் சந்தேகம் போய் நின்றது இரண்டு நர்ஸுகளின் நகத்தில். ஒருவருக்கு நீளமான சொந்த நகம், இன்னொருவருக்கு நீளமான செயற்கை நகம். அவைதான் காரணம் என்று முடிவாகச் சொல்லவில்லை, பங்கு இருந்திருக்கலாம் என்றார்கள். நோயாளியைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்குச் செயற்கை நகம் கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று 2009ல் உலக சுகாதார நிறுவனமும் எழுதி வைத்தது.

தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. விரலை மடக்கிக்கொண்டாள். எனக்கு அந்த மோர் அண்டா ஞாபகம் வந்தது. வீட்டில் சமைக்கிறவர்களுக்கும், ஓட்டலில் பரிமாறுகிறவர்களுக்கும் இந்த விதி பொருந்தும்தானே?

டாக்டர் எழுந்திருக்கும்போது கேட்டார். "கண் இமை ஏம்மா தடிச்சிருக்கு?"

மூன்று வாரமாகவே இமை அரிப்பு. அம்மா அதற்கு 'நிச்சயத்துல பட்ட கண்ணு' என்று மிளகாய் சுற்றிப் போட்டிருந்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. நகச் சரக்கின் அலர்ஜி பல பேருக்கு விரலில் தெரிவதைவிட இமையிலும் கழுத்திலும் முதலில் தெரியுமாம். கை போகிற இடமெல்லாம் அதுவும் போகிறது. 2018ல் பிரிட்டன் தோல் டாக்டர்கள் சங்கம் இதைப் பற்றி நாட்டுக்கே எச்சரிக்கை விட்டது. அங்கே சோதித்துப் பார்த்தவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்த மெத்தாக்ரிலேட் வகை அலர்ஜி.

வேலூர் போய் பாட்ச் டெஸ்ட் எடுத்தோம். முதுகில் சின்னச் சின்ன வட்டமாக மருந்து வைத்து ஒட்டி, இரண்டு நாள் குளிக்காமல் இருந்து, பிரித்துப் பார்த்து, மறுபடி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். மூன்று தடவை பஸ். மூன்றாம் தடவை, மெத்தாக்ரிலேட் வைத்த இடத்தில் மட்டும் சிவப்பாக, கொசு கடித்த மாதிரி ஒரு வட்டம்.

"இது ஒரு தடவை வந்துட்டா போகாதும்மா. பயப்படவும் வேண்டாம். ஆனா பல் அடைக்கப் போனாலும், வயசான காலத்துல மூட்டு மாத்தப் போனாலும், முதல் வேலையா டாக்டர்கிட்ட இதைச் சொல்லிடணும்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தங்கச்சி அதை லாமினேட் பண்ணி ஹேண்ட்பேகில் வைத்திருக்கிறாள். அவளுக்கு வயசு 24. மூட்டு வலிக்கு இன்னும் நாற்பது வருஷம் இருக்கிறது. அதுவரை அந்தச் சீட்டு பத்திரமாக இருக்க வேண்டும்.

கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்

இதைப் படிக்கிற ஆண்பிள்ளைகளே, 'நமக்கெதுக்கு நகம்?' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். பார்லர் வாசலில் பைக்கில் காத்திருக்கிறவர்களும், கூகுள் பேயில் பணம் அனுப்புகிறவர்களும் நாம்தான். அடுத்த தடவை உள்ளே போய் இதைக் கேளுங்கள்:

● கழட்டுவது எப்படி? அதற்கு எவ்வளவு? ('பிடிச்சு இழுத்தா வந்துடும்' என்றால் வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்கள்.)

● பாட்டிலைக் காட்டுங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, பாட்ச் நம்பர், காலாவதித் தேதி, என்னென்ன கலந்தது எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும். இது 2020ஆம் ஆண்டு காஸ்மெடிக்ஸ் விதி. பேரில்லாத பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால், வேண்டாம்.

● அறையில் காற்று வெளியே போக வழி இருக்கிறதா?

● தோலில் வழிந்தால் உடனே துடைக்கிறார்களா, அப்படியே விளக்கில் காட்டுகிறார்களா?

● ஓரச் சதையை வெட்டுகிறார்களா? அது நகத்துக்குக் காவல்காரன். வெட்டக்கூடாது. கருவிகளை ஒவ்வொருவருக்கும் சுத்தம் செய்ய வேண்டும்.

● அரிப்பு, எரிச்சல், இமை வீக்கம் வந்தால் 'சரியாயிடும்' என்று அடுத்த செட் போடாதீர்கள்.

● வீட்டில் அசிட்டோனில் ஊறவைத்தால் விளக்கு, அடுப்பு பக்கம் போகக் கூடாது. குப்பென்று பற்றிக்கொள்ளும்.

ஐப்பசிக் கணக்கு

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்து, அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிட்டார். "நான்தாங்க சொன்னேன்... என்னாலதான்..." என்று திண்ணையில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார். "நீங்க நகம்தான் கேட்டீங்க மாப்பிள்ளை. கொட்டேஷன் பாஸ் பண்ணினது நான்" என்றேன். குற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்டதில் எங்களுக்குள் ஒரு தனிப் பாசமே வந்துவிட்டது!

கல்யாணம் ஐப்பசியில். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுசாகப் புதுசாக ஆறு மாதம். சித்திரையிலிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாக வருகிறது. தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைதோறும் என் ஆபீஸ் ஸ்கேலை எடுத்து வைத்து அளக்கிறாள். பச்சைத் திட்டு நகத்தில் பாதி தூரம் நகர்ந்துவிட்டது.

"கல்யாணத்துக்குக் கை வெறிச்சுனு இருக்குமே" என்று அம்மா கவலைப்பட்டாள். எதிர்வீட்டு வேலியில் மருதாணி புதர் மாதிரி மண்டிக் கிடக்கிறது. இலையைப் பறித்து அரைத்தால் போதும். அதிலிருக்கிற லாசோன் என்ற சாயம் நகத்தின் கெரட்டினோடு சேர்ந்துகொள்கிறது. கழட்டுகிற பேச்சே இல்லை. நகம் வளர வளர அதுவே போய்விடும். ஆனால் கடையில் 'பத்து நிமிஷத்தில் கறுப்பு' என்று விற்கிற கோன் வேண்டாம் என்றார் டாக்டர். கறுப்பு நிறத்துக்காக அதில் பி.பி.டி. என்ற ரசாயனத்தைச் சேர்த்து விடுவதுண்டு. அதுவும் பொல்லாத அலர்ஜிக்காரன். நம்மில் சிலர் நரைக்கு அடிக்கிற டையிலும் அதுதான். (நான் சட்டென்று தலையைத் தடவிக்கொண்டேன்.)

போன வாரம் ஆபீஸில் ஒரு ஃபைல் வந்தது. வாட்டர் ஃபில்டருக்கு மூன்று கொட்டேஷன். வழக்கம்போல எல்-1க்கு டிக் போடப் பேனாவை எடுத்தேன். கை நின்றது. மூன்று கம்பெனிக்கும் போன் போட்டு, "ஸார், மாட்ட எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க. கழட்ட எவ்வளவு?" என்று கேட்டேன்.

செக்‌ஷன் முழுக்க என்னை ஒரு மாதிரி பார்த்தது. பார்க்கட்டும். 1,250 ரூபாய் மிச்சம் பிடித்தவன் கதை அவர்களுக்கு எங்கே தெரியும்?